போர்க்காலச் சிங்கர் தையல் மெஷின்: தேடுவது, வாங்குவது, மீட்பது

இரண்டாம் உலகப் போர்க்காலத் தையல் மெஷின் ஒன்று கைக்கு வந்ததும் பலர் முதலில் எடுப்பது உப்புத்தாள். கறுத்துக் கிடக்கும் முகத்தட்டையும் (ஊசிப் பக்கத்து மூடி) சக்கர விளிம்பையும் தேய்த்து மின்ன வைத்துவிடுவார்கள். அந்தக் கறுப்பு அழுக்கும் இல்லை, துருவும் இல்லை. குரோமியமும் நிக்கலும் ஆயுத உற்பத்திக்குப் போய்விட்ட காலத்தில், வழக்கமாகப் பளபளக்க வேண்டிய பாகங்களை ஆலையிலேயே கறுப்பாக்கி அனுப்பினார்கள். அந்த மெஷின் எந்தக் காலத்தது என்பதற்கு அதுவே அடையாளம். தேய்த்து எடுத்துவிட்டால் திரும்ப வராது.

இயந்திரப் பகுதியைப் பொறுத்தவரை பயப்பட ஒன்றுமில்லை. எண்பது ஆண்டு இறுகிக் கிடந்த மெஷினும் பெரும்பாலும் மண்ணெண்ணெயிலும் பொறுமையிலும் இளகிவிடும். மேல்பூச்சு அப்படியல்ல. ஆகவே கீழே சொல்லும் வேலைகளில் பாதி, எதைச் செய்யாமல் விடுவது என்பதைப் பற்றியதுதான்.

இங்கே சிங்கரை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். ஸ்காட்லாந்தின் கிளைட்பேங்க் ஆலையில் செய்த மெஷின்கள்தான் சென்னை மாகாணத்துக்கும் இலங்கைக்கும் மலாயாவுக்கும் தவணை முறையில் அதிகம் வந்து சேர்ந்தன. உதிரிப் பாகமும் அவற்றுக்குத்தான் இன்றும் எளிதாகக் கிடைக்கிறது.

எது போர்க்காலத்தது?

கிளைட்பேங்கில் உள்ள கில்போவி ஆலை 1885இல் திறந்து 1980இல் மூடியது. 1941 மார்ச் 13, 14 இரவுகளில் ஜெர்மன் விமானங்கள் கிளைட்பேங்க்மீது குண்டு பொழிந்தபோது ஆலையின் மரக் கிடங்கு எரிந்துபோனது. போர் ஆண்டுகளில் ஆலையின் பெரும்பகுதி ஆயுத உறுப்புகள் செய்வதற்கு மாறியது. தையல் மெஷின் குறைவாகவே வெளிவந்தது. அமெரிக்காவில் 1942இல் வீட்டுத் தையல் மெஷின் உற்பத்தியையே அரசு நிறுத்திவைத்தது. அதனால் இந்த ஆண்டுகளின் மெஷின் எண்ணிக்கையில் குறைவு.

அடையாளம் காண முதலில் பார்க்க வேண்டியது வரிசை எண். மெஷினின் வலது பக்கம், தூணின் அடியில், படுகையின்மேல் (மெஷினின் தட்டையான அடித்தளம்) அழுத்திப் பதித்திருப்பார்கள். 1935க்குப் பிறகு கிளைட்பேங்க் எண்கள் ‘இ’ என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும். அடுத்து இன்னொரு எழுத்து, பிறகு ஆறு இலக்கங்கள். இ.சி., இ.டி. என்று தொடங்குபவை பெரும்பாலும் போர்க்கால ஒதுக்கீடு. அமெரிக்காவின் எலிசபெத் ஆலை எண்கள் ‘ஏ’யில் தொடங்கும், அங்கே ஏ.ஜி. வரிசை போர் ஆண்டுகளைச் சேர்ந்தது. ஒன்றை நினைவில் வையுங்கள்: ஆலைப் பதிவேட்டில் இருப்பது எண்களை ஒரு மாதிரிக்கு ஒதுக்கிய நாள். மெஷின் கட்டி முடித்த நாள் வேறு. போர்க்காலத்தில் இந்த இரண்டுக்கும் இடையே நீண்ட இடைவெளி இருக்கலாம். “1941 மார்ச்சில் செய்தது” என்று விற்பவர் சொன்னால் அதை அப்படியே நம்ப வேண்டாம்.

மாதிரி எண்ணுக்குப் பின்னால் ‘கே’ இருந்தால் அது கிளைட்பேங்க். நம் பக்கம் கிடைப்பவை பெரும்பாலும் இவை:

15கே: செங்குத்தாக நிற்கும் ஷட்டில் (மேல்நூலை அடிநூலோடு பின்னும் பாகம்), இடது ஓரத்தில் செருகும் பாபின் கேஸ் (அடிநூல் சுற்றிய பாபின் அமரும் கூடு). பிற்கால ஜப்பானிய மெஷின்களும் நம் ஊர் உஷா, மெரிட் போன்றவையும் இந்த அமைப்பின் வழியில் வந்தவைதான். முதல் மெஷினாக மீட்டெடுக்க இதைவிட நல்லது கிடையாது.

66கே, 99கே: மேலிருந்து போடும் பாபின். 99 என்பது 66இன் சிறிய வடிவம்.

128கே: படகு போன்ற நீளமான ஷட்டில், நீள பாபின். தைக்க அழகாக இருக்கும். ஷட்டில் தொலைந்திருந்தால் அலைய வேண்டும்.

201கே: முழுவட்டம் சுழலும் ஹூக் (மேல்நூலைப் பிடிக்கும் கூர்முனைப் பாகம்; 15கேவில் ஷட்டில் செய்யும் வேலை). சிங்கர் செய்ததிலேயே சத்தமில்லாமல் ஓடுவது இதுதான் என்று சொல்பவர்கள் அதிகம். அதில் மிகை இல்லை. போர்க்காலத்தது வார்ப்பிரும்பு. அலுமினிய உடம்பு இருந்தால் அது 1950களின் நடுப்பகுதிக்கு வந்துவிடும்.

221 ஃபெதர்வெயிட்: அலுமினிய உடம்பு, சுமார் 5 கிலோ. போர்க்காலத்தவை அமெரிக்காவில் செய்தவை. முகத்தட்டும் சக்கர விளிம்பும் கறுப்பாக வரும் வகையைச் சேகரிப்பவர்கள் தனியாகத் தேடுகிறார்கள்.

பெயர் பொறித்த பித்தளை வில்லையைச் சுற்றி நீல விளிம்பும் 1851–1951 என்ற ஆண்டுகளும் இருந்தால் அது நூற்றாண்டு மெஷின். பழையதுதான், ஆனால் போர்க்காலத்தது இல்லை.

வாங்குமுன் பத்து நிமிடம்

காயலான் கடையிலோ வீட்டிலோ மெஷினைப் பார்க்கும்போது ஒரு டார்ச், சின்ன ஸ்க்ரூ டிரைவர், புது ஊசி ஒன்று, நூல், ஒரு துண்டுத் துணி கையில் இருக்கட்டும்.

முதலில் வார்ப்பு. படுகையின் மூலைகள், கீல் துளைகள், தூண் அடி ஆகியவற்றை விரலால் தடவிப் பாருங்கள். விரிசலோ பற்றவைப்போ இருந்தால் உதிரிக்கு மட்டும் எடுங்கள். அடுத்து கைச்சக்கரம். மேல்பகுதி உங்களை நோக்கி வரும்படி மெல்லச் சுற்றுங்கள். சுற்றாவிட்டாலும் பரவாயில்லை, மேலே ஒரே பழுப்புப் பிசினாக இருந்தால் அது இறுகிப்போன எண்ணெய், சரியாகிவிடும். மழையில் கிடந்து ஊசித் தண்டிலும் ஹூக்கிலும் குழி விழுந்த துரு இருந்தால் கதை வேறு. குழி விழுந்த ஹூக் நூலை அறுத்துக்கொண்டே இருக்கும்.

பிறகு காணாமல்போன பாகங்கள். 15கேவுக்குப் பாபின் கேஸ் எந்தத் தையல் மெஷின் கடையிலும் கிடைக்கும். 221இன் பாபின் கேஸும் 128இன் ஷட்டிலும் அப்படியல்ல. சில சமயம் மெஷின் விலைக்கே வந்துவிடும். 128க்குச் சிங்கர் எண் 54507 ஷட்டிலும் 8228 பாபினும் இருக்கின்றனவா என்று கேளுங்கள். நழுவுத் தட்டு (பாபினை மூடும் தட்டு), டென்ஷன் (நூல் இறுக்கம்) சுருள்கம்பி, சக்கரத்தின் நடுவே மூன்று காது உள்ள வாஷர், இவற்றையும் பார்த்துவிடுங்கள்.

கடைசியாக ஊசித் தண்டைக் கீழே இறக்கி, விரலால் முன்னும் பின்னும் ஆட்டுங்கள். மயிரிழை ஆட்டம் எல்லா மெஷினிலும் இருக்கும். கண்ணுக்குத் தெரிந்து ஆடினால், தண்டைத் தாங்கும் புஷ் தேய்ந்திருக்கிறது. தையல் விட்டுவிட்டுத்தான் விழும்.

பழைய சிங்கருக்குள் ‘சிவப்புப் பாதரசம்’ இருக்கிறது என்று லட்சக்கணக்கில் விலை சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 2009இல் சவூதி அரேபியாவில் இந்தப் புரளி கிளம்பி, ஓட்டை மெஷினுக்கெல்லாம் பெரிய விலை வைத்தார்கள். மெஷினுக்குள் பாதரசமே கிடையாது. இரும்பும் எஃகும் கொஞ்சம் பித்தளையும்தான்.

மேசையில் இருக்க வேண்டியவை

மண்ணெண்ணெய் அரை லிட்டர் போதும். கிடைக்காத ஊரில் பெயின்ட் கடையில் விற்கும் மினரல் டர்பன்டைன் வாங்கலாம். நல்ல வெள்ளைத் தையல் மெஷின் எண்ணெய் 200 மி.லி., அதோடு நீளமான மூக்குள்ள எண்ணெய்க் குப்பி. பழைய பருத்தி வேட்டித் துண்டுகள், பல் துலக்கும் பிரஷ் இரண்டு, மூங்கில் குச்சி, காதுக்குச்சி, ஹேர் டிரையர். மோட்டார் உள்ள மெஷினுக்குப் பெட்ரோலியம் ஜெல்லி ஒரு சின்ன டப்பா.

ஸ்க்ரூ டிரைவரில் சிக்கனம் பார்க்காதீர்கள். சிங்கர் திருகுகளின் வெட்டு குறுகலாகவும் ஆழமாகவும் இருக்கும். சாதாரண டிரைவரின் நுனி சரிவாக இருப்பதால் மேலே ஏறி வெட்டைச் சிதைத்துவிடும். நுனியை அரத்தில் தேய்த்து, வெட்டின் அடிவரை இறங்கி, அகலம் முழுவதையும் நிரப்புமாறு இரண்டு மூன்று அளவில் செய்துகொள்ளுங்கள். இந்தத் திருகுகளின் மரை சிங்கரின் சொந்த அளவு; மெட்ரிக் திருகைப் போட்டு முறுக்கினால் துளை போய்விடும். கழற்றும் ஒவ்வொரு திருகையும் எந்தத் துளையிலிருந்து வந்ததென்று எழுதி, முட்டை அட்டையின் குழிகளில் வரிசையாகப் போட்டுவையுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் செல்போனில் படம்.

இறுகிய மெஷினை இளக்குவது

நம் வீடுகளில் மெஷினுக்குத் தேங்காய் எண்ணெயோ விளக்கெண்ணெயோ விடும் பழக்கம் இருந்தது. சில ஆண்டுகளில் அது தேன் நிறத்தில் பிசினாகி, பிறகு அரக்குபோல் இறுகிவிடும். ‘ஜாம் ஆகிவிட்டது’ என்று கழித்துக்கட்டும் மெஷின்களில் பெரும்பாலானவற்றின் நோய் இதுதான்.

1. ஊசி, பாபின் கேஸ், துணியை அழுத்தும் பாதம், நழுவுத் தட்டு ஆகியவற்றை எடுத்துவிடுங்கள். இளகும் நேரத்தில் ஹூக் ஊசியில் மோதினால் ஹூக் முனை போய்விடும்.

2. கைச்சக்கரத்தின் நடுவில் உள்ள குமிழைத் தளர்த்துங்கள். இப்போது சக்கரம் மட்டும் தனியாகச் சுற்றினால் அடைப்பு உள்ளே. சக்கரமே அசையாவிட்டால் அதன் புஷ்தான் பிசினாகியிருக்கிறது, அங்கிருந்து தொடங்குங்கள்.

3. ஹூக்கைப் பாருங்கள். பாதி நேரம் காரணம் ஷட்டில் ஓடும் பள்ளத்தில் சிக்கிய ஒரு நூல்துண்டுதான். அதை எடுத்தாலே மெஷின் ஓடத் தொடங்கிவிடும்.

4. முகத்தட்டையும், தூணின் பின்புறம் உள்ள வட்ட மூடியையும் கழற்றுங்கள். மெஷினைப் பின்னால் சாய்த்து அடிப்பகுதியைத் திறந்துவையுங்கள். ஒரு பாகம் இன்னொன்றின்மேல் அசையும் இடம் எல்லாவற்றிலும் இரண்டிரண்டு சொட்டு மண்ணெண்ணெய்: ஊசித் தண்டின் மேலும் கீழும், பாதத் தண்டு, நூல் இழுக்கும் நெம்பு, மேலச்சின் இரு முனைகள், தூணுக்குள் இறங்கும் நீளத் தண்டின் இரு மூட்டுகள், அடியில் உள்ள இரண்டு குறுக்கு அச்சுகளின் நான்கு முனைகள், துணியை இழுக்கும் பல்லை நகர்த்தும் கவட்டை. மேல்பூச்சில் ஒரு சொட்டு வழிந்தாலும் உடனே துடையுங்கள்.

5. ஒரு மணி நேரம் கழித்து, ஹேர் டிரையரை ஒரு சாண் தூரத்தில் பிடித்து ஒவ்வொரு மூட்டையும் ஐந்து நிமிடம் சூடாக்குங்கள். மண்ணெண்ணெய் ஈரம் பளபளக்கும் இடத்தில் சூடு காட்டக் கூடாது. முதலில் துடைத்து, ஜன்னலைத் திறந்துவிட்டுச் செய்யுங்கள். சூடு இருக்கும்போதே சக்கரத்தை இரு கையாலும் பிடித்து முன்னும் பின்னும் அசையுங்கள். ஒரு நூலளவு அசைந்தால் போதும், அது நல்ல செய்தி. மறுபடி மண்ணெண்ணெய், இரவு முழுக்க ஊறல், மறுநாள் மறுபடி சூடு. மூன்று நான்கு நாள் ஆகலாம்.

6. முழுச்சுற்று வந்ததும் மண்ணெண்ணெயைத் தாராளமாக விட்டுக் கையாலேயே ஐந்து நிமிடம் சுற்றுங்கள். மூட்டுகளிலிருந்து பழுப்புக் கசடு வடியும். துடைத்து, திரும்ப விட்டு, வடிவது தெளிவாகும்வரை தொடருங்கள். பிறகுதான் மெஷின் எண்ணெய், மூட்டுக்கு ஒரு சொட்டு. மண்ணெண்ணெய் காய்ந்துவிடும், அதோடு விட்டால் இரும்பும் இரும்பும் உராயும்.

சக்கரத்தில் பைப் ரெஞ்ச் போட்டு இழுப்பவர்கள் உண்டு. வார்ப்பிரும்பு ஆரம் முறிந்துவிடும், அல்லது ஊசித் தண்டு வளைந்துவிடும். ஸ்ப்ரேயில் வரும் துரு நீக்கிகள் இளக்குவதற்கு உதவலாம். எண்ணெய்க்கு மாற்றாக அவற்றை விட்டுவைத்தால் சில மாதத்தில் மறுபடி இறுகும்.

அடியில் அச்சுகளைத் தாங்கும் கூம்பு முனைத் திருகுகளையும், அச்சின்மேல் இறுக்கிய செட் திருகுகளையும் காரணமில்லாமல் தொடாதீர்கள். மெஷினின் கால ஒழுங்கு (ஊசியும் ஹூக்கும் சரியான நேரத்தில் சந்திப்பது) அவற்றில்தான் இருக்கிறது. கூம்புத் திருகில் ஆட்டம் இருந்தால் மட்டும், பூட்டு நட்டைத் தளர்த்தி, ஆட்டம் நிற்கும்வரை இறுக்கி, அச்சு தாராளமாகத் திரும்புகிறதா என்று பார்த்துப் பூட்டுங்கள்.

மேல்பூச்சு: இங்கேதான் கை நிதானம் வேண்டும்

சிங்கரின் கறுப்பு நான்கு அடுக்கு. வார்ப்பிரும்பு, அதன்மேல் ‘ஜப்பான்’ எனப்படும், சூளையில் சுட்ட கறுப்புப் பூச்சு, அதன்மேல் பொன்னிற அலங்காரம், எல்லாவற்றுக்கும் மேல் மெல்லிய அரக்கு வார்னிஷ். கடைசி அடுக்கு இருக்கும்வரைதான் பொன் பொன்னாகத் தெரியும். அது கரைந்துவிட்டால் பொன்னிறம் வெள்ளி நிறமாக வெளிறும். அடுத்த துடைப்பில் அதுவும் துணியோடு வந்துவிடும். ஸ்பிரிட், தின்னர், நகப்பூச்சு நீக்கி, கண்ணாடி துடைக்கும் நீலத் திரவம், பாத்திரச் சோப்பு, சுடுநீர், மண்ணெண்ணெய் எதுவும் அலங்காரத்தின் பக்கம் போகக் கூடாது.

பயன்படுத்த வேண்டியது மெஷின் எண்ணெய் ஒன்றுதான். படுகையின் அடி விளிம்பில் முதலில் சோதியுங்கள்: எண்ணெய் நனைத்த பஞ்சில் அரை நிமிடம் தேய்த்தால் பழுப்பு வந்தால் அது அழுக்கு, கறுப்போ பொன்னோ வந்தால் நிறுத்திவிடுங்கள். சோதனை சரியாக இருந்தால், உள்ளங்கை அகல இடத்தில் எண்ணெயைப் பூசி அரை மணி ஊறவிட்டு, அழுத்தாமல் வட்டமாகத் துடையுங்கள். பஞ்சின் முகத்தை அடிக்கடி மாற்றுங்கள். ஒரே நாளில் முடிக்க நினைக்காதீர்கள். மூன்று நான்கு சுற்றில் அழுக்கு தானாக வரும்.

வார்னிஷ் மேகம்போல் மங்கியிருந்தால் அவலரக்கு போடலாம். தச்சர்களுக்குத் தெரிந்த பிரெஞ்சு பாலிஷ்தான். 100 மி.லி. ஸ்பிரிட்டுக்கு 12 கிராம் மெழுகு நீக்கிய அரக்கு, ஒரு நாள் கரைய விட்டு வடிகட்டுங்கள். பஞ்சைப் பருத்தித் துணியில் முடிந்து, அரக்கில் நனைத்து, ஏறக்குறைய காய்ந்துபோகும் அளவு பிழிந்து, அடிப்பக்கத்தில் ஒரு சொட்டு எண்ணெய் தொட்டு, ஒரே வீச்சில் இழுங்கள். ஒரு இடத்தில் நிற்கக் கூடாது, அதே தடத்தில் உடனே திரும்பவும் கூடாது. ஸ்பிரிட் அடியில் உள்ள பழைய வார்னிஷையும் கரைக்கும். முதல் மெஷினிலேயே இதை முயல்வதைவிட, உடைந்த உஷா தலை ஒன்றில் கை பழகிக்கொள்வது நல்லது. வேண்டாமென்றால் கார்னாபா மெழுகை மெல்லப் பூசி மெருகிடுங்கள், போதும்.

சில மெஷின்களில் பளபளப்பு இல்லாமல் சுருக்கம் விழுந்த தோல்போன்ற கறுப்புப் பூச்சு இருக்கும். அதில் மெழுகு போட்டால் சுருக்கங்களில் வெள்ளையாகப் படிந்துவிடும். எண்ணெயும் மென்மையான பல் பிரஷும் மட்டும்.

இனி கறுப்பாக்கிய பாகங்கள். அந்தக் கறுப்பு எஃகின் மேற்பரப்பிலேயே உண்டாக்கிய மிக மெல்லிய படலம். ஸ்டீல் உல் எவ்வளவு மெல்லியதாக இருந்தாலும் சில இழுப்பில் போய்விடும். எலுமிச்சை, வினிகர், துரு நீக்கும் சிட்ரிக் அமிலம் எல்லாமே அதைத் தின்னும். பித்தளைக் குத்துவிளக்குபோல் நினைத்துப் புளி போட்டுத் தேய்த்துப் பழகிய கைகளுக்கு இது முக்கியம். துருப்புள்ளி இருந்தால் எண்ணெய் விட்டு ஒரு நாள் ஊறவிட்டு, மூங்கில் குச்சி நுனியால் அந்தப் புள்ளியை மட்டும் சுரண்டுங்கள். பித்தளை வில்லையையும் புளியிலிருந்து காப்பாற்றுங்கள். எழுத்துகளைச் சுற்றிய கறுப்பு நிரப்பு போய்விட்டால் வில்லை மொட்டையாகிவிடும்.

குரோம் பூசிய பாகங்களுக்கு இவ்வளவு கட்டுப்பாடு இல்லை. கழற்றி மண்ணெண்ணெயில் ஓர் இரவு போட்டு, பித்தளை பிரஷால் தேய்க்கலாம்.

ஹூக்கும் பல்லும்

15கேவில் பாபின் கேஸை எடுத்து, ஷட்டிலை மூடியிருக்கும் வளையத்தின் பூட்டுகளையோ திருகுகளையோ விடுவித்தால் வளையம் வரும். பிறகு நடு முளையைப் பிடித்து ஷட்டிலை வெளியே இழுங்கள். பள்ளத்தைச் சுத்தமாகத் துடையுங்கள். ஷட்டிலின் கூர்முனையை நகத்தால் தடவுங்கள். நகம் சிக்கினால் பிசிறு இருக்கிறது. 2000 எண் உப்புத்தாளில் எண்ணெய் தொட்டு, முனையின் நீளம் குறையாமல் பிசிறை மட்டும் தடவி எடுங்கள். ஊசி மேலே இருக்கும் நிலையில் திரும்பப் பொருத்தி, பள்ளத்தில் ஒரு சொட்டு எண்ணெய். புது பாபின் கேஸ் வாங்கினால் பழையதோடு ஒட்டிப் பாருங்கள்: மேலே நீட்டும் விரல் இரண்டு விதமான சாய்வில் வருகிறது, வளையத்தின் வெட்டோடு பொருந்தாதது உள்ளே அமராது.

66, 99 மெஷின்களில் ஹூக் பக்கத்தில் சின்னச் சிவப்புக் கம்பளித் துண்டு ஒன்று இருக்கும். குப்பையென்று பிடுங்கிவிடாதீர்கள், ஹூக்குக்கு எண்ணெய் தருவது அதுதான்.

ஊசித்தட்டின் திருகுகளைக் கழற்றினால் பல்லின் இடுக்குகளில் பஞ்சு கம்பளிபோல் இறுகியிருக்கும். பல் மேலே எழாமல் துணி நகராததற்குக் காரணம் இது. பல் தேய்ந்துவிட்டதென்று புதிது வாங்குமுன் மூங்கில் குச்சியால் குத்தி எடுத்துப் பாருங்கள். உச்ச நிலையில் பல்லின் முழு உயரமும், ஏறத்தாழ 1 மி.மீ., தட்டுக்கு மேல் தெரிய வேண்டும்.

பாபின்களைக் கலந்துவிடாதீர்கள். 15 வகைப் பாபினின் இரு முகமும் தட்டை. 66 வகையின் முகங்கள் சற்றுக் குவிந்திருக்கும். விட்டம் ஏறக்குறைய ஒன்றுதான், அதனால் மாற்றிப் போட்டாலும் உள்ளே போய்விடும். தையல்தான் வராது. 201கே எடுத்துக்கொள்வது 66 வகை.

டென்ஷன்

நட்டைக் கழற்றுமுன் ஒரு படம் எடுங்கள். வெளியிலிருந்து உள்ளே: நட்டு அல்லது எண் வட்டு, நிறுத்தும் வாஷர், கூம்புச் சுருள், அழுத்து வாஷர், இரண்டு தட்டு வட்டுகள், நூல் தாங்கும் மெல்லிய கம்பிச் சுருள். நடுத்துளையில் ஒரு சின்ன முள் இருக்கும். அது உருண்டுபோனால் பாதத்தைத் தூக்கும்போது டென்ஷன் விடாது.

வட்டுகளைத் துடைத்து, உப்பிய முகங்கள் ஒன்றையொன்று பார்க்கும்படி திரும்பப் போடுங்கள். இங்கே எண்ணெய் ஒரு சொட்டும் கூடாது. கம்பிச் சுருள் வளைந்திருந்தால் புதியதே போடுங்கள். அதன் ஓட்டம், ஊசி முனை துணியைத் தொடும் நேரத்தில் முடிய வேண்டும். முன்னதாக முடிந்தால் நூல் தளர்ந்து ஊசி அதைக் குத்திவிடும். பொருத்தியபின் நூலைப் போட்டு இழுத்துப் பாருங்கள்: பாதம் கீழே இருக்கும்போது பிடிக்க வேண்டும், மேலே தூக்கினால் தாராளமாக ஓட வேண்டும்.

பாபின் கேஸை நூலில் தொங்கவிடுங்கள். சும்மா தொங்கும்போது இறங்கக் கூடாது. கையை லேசாக வெட்டினால் இரண்டு விரற்கடை இறங்க வேண்டும். சரிசெய்யும் திருகை ஒரு முறைக்கு எட்டில் ஒரு சுற்றுக்கு மேல் திருப்பாதீர்கள்.

ஊசி

மேலே சொன்ன எல்லா மாதிரிக்கும் 15×1 ஊசி. இன்று எச்.ஏ.×1 என்றும் 130/705 என்றும் கடையில் கேட்டால் அதே. உருண்டைக் காம்புள்ள பவர் மெஷின் ஊசி வேண்டாம்.

தட்டை முகம் எந்தப் பக்கம் என்பது மாதிரிக்கு மாதிரி மாறும். பாதி மெஷின்கள் ‘தைக்கவில்லை’ என்று விலைக்கு வருவது இதனால்தான். ஊசிக்கு முந்தைய கடைசி நூல் வழிகாட்டி எந்தப் பக்கம் இருக்கிறதோ, ஊசியின் நீளப் பள்ளம் அந்தப் பக்கம். தட்டை முகம் எதிர்ப்பக்கம், ஹூக் முனை கடக்கும் பக்கம். சக்கரத்தை மெல்லச் சுற்றி ஹூக் எந்தப் பக்கம் கடக்கிறதென்று கண்ணால் பார்த்தால் சந்தேகம் தீர்ந்துவிடும்.

ஊசி சரியாக இருந்தும் தையல் விழாவிட்டால் ஊசித் தண்டின் உயரத்தைப் பாருங்கள். ஊசி அடிமட்டத்திலிருந்து சுமார் 2.4 மி.மீ. எழும்போது ஹூக் முனை ஊசியின் நடுவில், காதுக்கு மேல் சுமார் 1.6 மி.மீ. உயரத்தில் இருக்க வேண்டும். தண்டில் இரண்டு கோடுகள் இருந்தால் அவை இந்த அளவுக்கான குறிகள்தான். முகத்தட்டுக்குள் தண்டைப் பிடிக்கும் ஒற்றைத் திருகைத் தளர்த்தி ஏற்றி இறக்கலாம். 15கேவில் ஹூக் பக்கத்து ஒழுங்கு எளிதில் மாறாது. முதலில் சந்தேகப்பட வேண்டியது ஊசி, பிறகு தண்டு.

மோட்டார் இருந்தால்

பிளக்கைச் செருகிப் பார்க்கும் ஆசையை அடக்குங்கள். அந்தக் கால வயரின் ரப்பர் உறை விரலால் வளைத்தாலே பொடியாக உதிரும். வார்ப்பிரும்பு உடம்பு முழுக்க மின்சாரம் பாயும். முதலில் மோட்டார் தகட்டில் வோல்ட் எண்ணைப் படியுங்கள். அமெரிக்க 221 பெரும்பாலும் 110 வோல்ட். நம் 230இல் நேரே போட்டால் புகைந்துவிடும். 200 வி.ஏ. ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும்.

வயர் முழுவதையும் மாற்றுங்கள். கால் கன்ட்ரோலரில் ரேடியோ இரைச்சலைத் தடுக்க வைத்த பழைய கண்டன்சர் இருந்தால் அதை எடுத்துவிடுங்கள். பழையது கசிந்து, மிதிக்காமலே மோட்டார் ஓடும் அல்லது வெடிக்கும். கார்பன் பிரஷ்களைக் கழற்றும்போது எது எந்தப் பக்கம், எந்த முகம் மேலே என்று குறித்து அப்படியே போடுங்கள். பிரஷ்கள் உரசும் உருளையின் செம்பை ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்தால் போதும். 500 வோல்ட் மெக்கரில் (மின்கசிவு பார்க்கும் கருவி) உடம்புக்கும் வயருக்கும் இடையே 1 மெகா ஓமுக்குக் குறைந்தால் எலக்ட்ரீசியனிடம் கொடுங்கள். முதல் ஓட்டம் 60 வாட் குண்டு பல்பைத் தொடராக இணைத்த சீரீஸ் லேம்பில்: பல்பு முழு வெளிச்சமாக எரிந்தால் எங்கோ ஷார்ட்.

201கேவில் பெல்ட் இல்லாமல் பல்சக்கரத்தோடு சேர்ந்து வரும் மோட்டார் வகைக்கு எண்ணெய் விடக் கூடாது. அதன் இரண்டு குழாய்களிலும் பெட்ரோலியம் ஜெல்லி போன்ற மென்மையான கிரீஸ்தான். கெட்டியான வாகன கிரீஸ் திரியில் இறங்காது.

கால்மிதியும் கைச்சக்கரமும்

கால்மிதியில் பிரச்சினை பெரும்பாலும் பெல்ட். 3/16 அங்குலத் தோல் பெல்ட், ஆறடி வாங்கினால் மீதம் வரும். அளந்து, வழுக்காத அளவு மட்டும் இறுக்கமாக வெட்டிக் கொக்கி போடுங்கள். கம்பிபோல் விறைத்தால் மிதி கனத்துக் கால் வலிக்கும். சில வாரத்தில் தோல் நீளும், அப்போது ஒரு சென்டிமீட்டர் குறைக்கலாம். மிதியையும் பெரிய சக்கரத்தையும் இணைக்கும் மரத்தண்டின் மூட்டில் எண்ணெய் விட மறந்துவிடுவார்கள். ‘டொக் டொக்’ சத்தம் அங்கிருந்துதான்.

சக்கரத்தைப் பூட்டும் மூன்று காது வாஷரைக் கழற்றித் திரும்பப் போட்டபின், குமிழை எவ்வளவு இறுக்கினாலும் மெஷின் ஓடாமல் சக்கரம் மட்டும் சுற்றினால், வாஷரை அரைச்சுற்றுத் திருப்பிப் போடுங்கள்.

முதல் தையல்

புது 14 எண் ஊசி, மேலும் கீழும் ஒரே நூல், இரண்டு மடிப்பு பாப்ளின். மேலே ஒரு நிறம், கீழே ஒரு நிறம் போட்டால் குறை உடனே தெரியும். அடிநூல் மேலே எட்டிப் பார்த்தால் மேல் டென்ஷன் அதிகம். அடியில் கொத்துக் கொத்தாக நூல் சேர்ந்தால் பலரும் பாபினைத் திட்டுவார்கள். காரணம் மேல்நூல் டென்ஷன் வட்டுகளுக்குள் இறங்காததுதான். பாதத்தைத் தூக்கிவைத்து மறுபடி நூலைக் கோர்த்துவிடுங்கள். விட்டுவிட்டு விழுந்தால் ஊசி, பிறகு தண்டு உயரம். நூல் அறுந்துகொண்டே இருந்தால் ஷட்டில் முனை, ஊசித்தட்டின் துளை ஓரம்: பழைய மெஷினில் ஊசி குத்திக் குத்தித் துளையில் பிசிறு எழுந்திருக்கும். மெல்லிய கயிற்றில் பாலிஷ் பேஸ்ட் தடவித் துளைக்குள் விட்டு இழுத்தால் மழுங்கிவிடும்.

ஓடத் தொடங்கிய முதல் சில நாட்கள் கறுப்புக் கசிவு வந்துகொண்டிருக்கும். அடியில் பழைய துணி விரித்துவைத்து, ஒவ்வொரு நாளும் துடைத்து ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். கடலோர ஊர்களில் வளைவு மரப்பெட்டிக்குள் பூட்டிவைத்தால் ஈரம் உள்ளேயே தங்கும். பருத்தித் துணியால் மூடி, பாதத்துக்கடியில் ஒரு துண்டுத் துணி வைத்து, வாரம் ஒரு முறையாவது சக்கரத்தைச் சுற்றிவிடுங்கள்.